காத்துக்கு மூக்கு இருக்கா?

குலை ஏன் பாதி பிஞ்சாவே நிக்குதுன்னு கேட்டா, "இந்தப் பருவம் காத்து சரியில்லே தாத்தா"ன்னு சொன்னே பாரு, தம்பி, அதுக்கே உனக்கு ஒரு பொன்னாடை போத்தணும். டிப்ளோமா முடிச்சு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டி, இடுப்புல வாக்கி-டாக்கியோட சின்னத் துரையா மோட்டார்ல வலம் வர்றே. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா செம்பனைக் காட்டுல காத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுறது உன் கண்டுபிடிப்பு இல்லே. வெள்ளைக்காரத் துரைங்களே அறுபது வருஷத்துக்கு மேல அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. சொல்லிச் சொல்லி நம்ம பொம்பளைங்க முதுகை ஒடிச்சாங்க. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல காத்து யாருக்கு வேலை செய்யும், யாருக்குச் செய்யாதுன்னு உனக்குப் பாடம் நடத்தணும். பீஸு வேணாம், ஒரு தே தாரிக் போதும்.

காத்தை நம்பிப் பொழைக்கிற செடிக்கு அலங்காரம் இருக்காது. நிறம் எதுக்கு, வாசம் எதுக்கு, தேன் எதுக்கு? வந்து பார்க்கத்தான் ஆள் இல்லையே. அது காசைக் கொட்டுறது ஒண்ணே ஒண்ணுல, மகரந்தத் தூள்ல. கல்யாணப் பத்திரிகையை லாரியில ஏத்தி, கோலசிலாங்கூர் ரோடு நெடுக வாரி இறைச்சுக்கிட்டே போனா, எப்படியும் ஒண்ணு தாய்மாமன் வீட்டு வாசல்ல விழாமலா போயிடும்னு நினைக்கிற ஆளை என்ன சொல்லுவே? காத்தை நம்புற செடி அந்த ஜாதி. லட்சத்துல ஒண்ணு போய்ச் சேர்ந்தாப் போதும்னு இறைக்கும். அதனாலதான் தூளு லேசா, காய்ஞ்சு, எதுலயும் ஒட்டாம இருக்கும். வாங்கிக்கிற பெண் பூவும் இழை இழையா விரிச்சு வெச்சுக்கிட்டு, வர்றது வரட்டும்னு நிக்கும்.

ரோட்டோர லாலாங் புல்லை எடுத்துக்க. வெள்ளைப் பஞ்சு பறக்குதே, அதைக் காட்டி "மகரந்தம்"னு கோலாலம்பூர்க்காரப் பொண்ணு ஒருத்தி படம் புடிச்சுப் போட்டிருந்தா. மகரந்தம் இல்லே ஆத்தா அது. கல்யாணம் ஆகி, புள்ளை குட்டியும் பெத்து முடிச்ச பிறகு வெதையை ஊருக்கு அனுப்புற பஞ்சு. கதிர் இளசா இருக்கிறப்ப குனிஞ்சு பார்த்தா, சின்னச் சின்னப் பையா நூல்ல தொங்கும். விரலால ஒரு தட்டு தட்டினா தூள் பறக்கும். குனியத்தான் யாரும் தயாரா இல்லே. எல்லாரும் நின்ன எடத்துலேர்ந்தே படம் புடிக்கிறீங்க.

இன்னொண்ணு உன் வீட்டுலயே இருக்கு. உங்கம்மா வேலியோரமா ஒத்தை வரிசையா ஜாகோங் நட்டிருக்காங்களே, போன தடவை அவிச்சுக் குடுத்தப்ப கதிர்ல பாதிப் பல்லைக் காணோம். வெதை வித்த சீனன் கடையை நல்லாத் திட்டினாங்க. கடைக்காரன் பாவம். சோளத்துக்கு ஆண் பூ உச்சந்தலையில, பெண் பூ இடுப்புல. கதிர் நுனியில தொங்குற பட்டு நூலு அழகுக்கு இல்லே. ஒரு நூலுக்கு ஒரு மணி, கணக்கு அவ்வளவு கறார். மட்டையை மெதுவா உரிச்சு, ஒரே ஒரு நூலைப் புடிச்சு அதும் பின்னாடியே விரலைக் கொண்டு போ. ஒரு மணியோட இடுக்குல போய் நிக்கும். அந்த நூல் மேல தூளு விழலேன்னா அந்த மணி கிடையாது, பொக்கைதான். ஒத்தை வரிசைக்குக் குறுக்கால காத்து அடிச்சா, தூளெல்லாம் பக்கத்து வீட்டு வாழைக்குப் போயிடும். வாழைக்கு அதால என்ன பிரயோசனம்? நாலு வரிசை, அஞ்சு வரிசையாச் சதுரமா நடச் சொல்லு. காத்து அசையாத நாள்ல, காலையில பனி காய்ஞ்சதும் தண்டைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கச் சொல்லு. கூட்டமா நிக்கிறவனுக்குத்தான் காத்து கைகொடுக்கும். ஒத்தையில நிக்கிறவனை அது கண்டுக்கிறதே இல்லே.

உலு சிலாங்கூர் மலைக்காட்டுல காத்துக் கட்சி ரொம்பக் குறைச்சலா இருக்கிறதும் இதனாலதான். ஒரு மரத்தோட சொந்தக்காரன் பத்து மரம் தள்ளி நிப்பான், இல்லே நூறு மரம் தள்ளி. நடுவுல வேற வேற ஜாதி. அடிக்காட்டுல காத்தே ஓடாது. அதையும் மீறிக் கிளம்பின தூளைச் சாயங்கால மழை கழுவிடும். அங்க வேணும்னா பூச்சி, பறவை, வௌவால்னு கால் வெச்ச, றெக்கை வெச்ச ஆளுங்களைத்தான் அமர்த்தணும். காத்துக் கட்சிக்குச் சரியான தொகுதி திறந்த வெளி. புல்லுக்காடு, கடலோரத்துச் சவுக்கு, குளிர் நாட்டுப் பைன் காடு.

செகிஞ்சான் நெல்லு மட்டும் என்னவாம்னு கேப்பே. பச்சை வயல் நடுவுல நின்னு ஜோடி ஜோடியாப் படம் புடிச்சுக்கிறாங்க, ஆனா நெல்லுக்கு வெளிச் சம்பந்தத்துல அவ்வளவா நாட்டம் இல்லே. வெயில் ஏர்ற நேரமாப் பார்த்து உமி வாயைத் தொறக்கும், கொஞ்ச நேரத்துல மூடிக்கும். தொறக்கிறப்பவே தன் தூளைத் தன் மேலயே கொட்டிக்கும். அத்தை மகன் மாமன் மகள்னு கூட இல்லே தம்பி, ஒரே வீட்டுக்குள்ளயே முடிச்சுடும். சீனாவுலயும் இந்தியாவுலயும் வீரிய ஒட்டு நெல்லுக்கு வெதை எடுக்கிறவங்க இந்தப் பிடிவாதத்தை உடைக்கப் படாத பாடு படுறாங்க. பூக்கிற நேரத்துல ரெண்டு பேரு ரெண்டு பக்கம் கயித்தைப் புடிச்சுக் கதிர் மேல இழுத்துக்கிட்டே போவாங்க, தூளு கிளம்பி அடுத்த வரிசைக்குப் போகட்டும்னு. புல்லு ஜாதியா இருந்தும் காத்துக்குக் கூலி ஆள் வெச்சுத் தள்ள வேண்டியிருக்கு.

ஆத்துப் பக்கமும் ஒரு நடை போயிட்டு வந்துடுவோம். கம்போங் குவாந்தான்ல படகு ஏறி மின்மினி பார்க்கிறவங்க, அந்தப் பூச்சிதான் பெரெம்பாங் மரத்துக்கு ஏதோ தொண்டு செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. மின்மினி சிமிட்டுறது அதும் ஜோடிக்கு. மரத்துக்கு அது வாடகை குடுக்காத குடித்தனக்காரன். பெரெம்பாங் பூ பொழுது சாயத்தான் விரியும், விடிஞ்சாத் தண்ணி மேல ஊசி ஊசியா உதிர்ந்து மிதக்கும். அது ராத்திரி ஷிப்டுக்காரங்களுக்கான பூ, முக்கியமா வௌவாலுக்கு. பத்துமலைக் குகையில தங்குற தேன் வௌவால் கடலோரச் சதுப்பு வரைக்கும் பறந்து வந்து தேன் குடிச்சிட்டுத் திரும்புதுன்னு 1970-களிலேயே ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்காங்க. முருகன் வீட்டுல படுக்கை, கடலோரத்துல சாப்பாடு. நீ அடிச்சுக்கிட்டுச் சாப்பிடுறியே டுரியான், அதுக்கும் மகரந்தம் சுமக்கிறது அதே வௌவால்தான். அடுத்த தைப்பூசத்துக்குப் படி ஏர்றப்ப மேல பார்த்து ஒரு கும்பிடு போடு.

ஆனா ஆறு கடல்ல சேர்ற எடத்துக்குப் போனா, முட்டிக்கால் போட்டு நிக்குற பாக்காவ் மரம் பெரும்பாலும் காத்துக் கட்சி. பூவைத் தலைகீழாத் தொங்க விட்டுத் தூளைக் காத்துல விட்டுடும். சேறு ஒண்ணு, உப்புத் தண்ணி ஒண்ணு, தரகர் மட்டும் வேற வேற. எந்த மரத்துக்கு எந்தத் தரகர்னு பார்க்காமலே தெரிஞ்ச மாதிரி பேசுறதுதான் ஆபத்து. இப்ப நம்ம செம்பனைக்கு வருவோம்.

பத்தாங் பெர்ஜுந்தை, உன் காலத்துல பெஸ்தாரி ஜெயா, அங்க இருக்கிற தென்னமரம் தோட்டம்தான் மலாயாவுல வியாபாரத்துக்குன்னு செம்பனை போட்ட முதல் தோட்டம். வருஷம் 1917. போட்டவர் ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரத் துரை. அதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடியே சுமத்ராவோட டெலிச் சீமையிலேர்ந்து வெதை கொண்டாந்து, இதே கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்குல முளைக்கப் போட்டவரு. காப்பி கைவிட்ட நிலத்துல செம்பனையை வெச்சாரு. அப்புறம் இந்த மண்ணைப் பத்தி ஒரு நாவல் எழுதி, 1930-ல பிரான்சோட கோன்கூர் பரிசையும் வாங்கிட்டாரு. நாமளும் மூணு தலைமுறையா அதே மண்ணுல பெரட்டு நின்னோம்; கிடைச்சது சொக்சோ அட்டை.

அந்த டெலி மரங்களுக்கு மூதாதை யாருன்னு பார்த்தா, 1848-ல ஜாவாவுல போகோர் தோட்டத்துல வெச்ச நாலே நாலு கன்னு. சொந்த ஊரு ஆப்பிரிக்கா. மரம் கப்பல் ஏறி வந்துட்டது. ஊருல அதுக்குத் தரகு பார்த்த ஆளு கப்பல் ஏறலே. இங்க யாரும் அவனைத் தேடவும் இல்லே, ஏன்னா அப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியாது. காத்து பார்த்துக்கும்னு புத்தகத்துல எழுதியாச்சு.

செம்பனைப் பூவோட குணம் உனக்குத் தெரிஞ்சதுதான். ஆண் குலை தனி, பெண் குலை தனி. ஒரே மரத்துலதான் ரெண்டும் வரும், ஆனா கொஞ்ச காலம் ஆணாவே பூக்கும், கொஞ்ச காலம் பெண்ணாவே பூக்கும். அதனால ஒரு மரத்துப் பெண் பூவுக்கு வேற ஒரு மரத்துத் தூளு வேணும். அதுவும் பூ தயாரா இருக்கிறது ரெண்டு மூணு நாள்தான். கன்னு மரக் காட்டுல கேக்கவே வேணாம், பெண் குலை எக்கச்சக்கம், ஆண் குலையைத் தேடணும். பொண்ணு வீட்டார் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பேரு. அந்த நேரம் பார்த்து அக்டோபர், நவம்பர் மழை ஊத்தும். குலை பாதி பிஞ்சா, பாதி அழுகலா நிக்கும்.

துரைங்க யோசிச்சாங்க. காத்து வேலைக்கு வரலேன்னா என்ன, பெரட்டுல நிக்கிற பொம்பளைங்க இருக்காங்களேன்னு முடிவு பண்ணினாங்க. 1960-கள்லயும் 70-கள்லயும் நடந்த வேலை தம்பி இது, உன் டிப்ளோமாவுல ஒரு பக்கம் கூட வந்திருக்காது. ஆண் குலையில பையைக் கட்டித் தூளை உலுக்கி எடுத்து, சலிச்சு, காய வெச்சு, டால்கம் பவுடரோட கலந்து டப்பாவுல குடுப்பாங்க. அதைத் தூக்கிக்கிட்டு மரம் மரமாப் போகணும். வாரத்துக்கு ரெண்டு மூணு சுத்து, அதே காடு, அதே மரம். கன்னு மரத்துல பூ முழங்கால் உசரத்துல மட்டை இடுக்குல இருக்கும். மட்டை பூரா முள்ளு. குனிஞ்சு, கையை உள்ள விட்டு, பாளையைக் கிழிச்சு விலக்கி, பூ என்ன நிறத்துல இருக்குன்னு பார்க்கணும். வெளிர் மஞ்சளா இருந்தா நேரம் சரி, புஸ்ஸுன்னு ஊதணும். சிவந்துட்டா அது வெட்கம் இல்லே, முகூர்த்தம் தாண்டிப் போச்சு. இந்தப் பார்வைக்கு எந்தக் காலேஜும் பட்டம் குடுக்கலே.

உன் பாட்டி அந்தப் பவுடர் கேங்குல ஒருத்தி. கையில முள்ளுக் குத்து ஆறாத நாளே கிடையாது. சாயங்காலம் மூஞ்சி, புருவமெல்லாம் வெள்ளையா லயத்துக்கு வருவா. "எங்கடி நாடகம்?"னு கேட்டா அடிக்க வருவா. ஆனா ஒரு நாள் அவ ஒரு கேள்வி கேட்டா. விரிஞ்ச ஆண் குலைகிட்ட நின்னிருக்கியா நீ? மட்டையை விலக்கினதும் குப்புன்னு சோம்பு வாசம் அடிக்கும். கறிக்குத் தாளிக்கிற அதே வாசம். அதைத்தான் மண்டோர்கிட்ட கேட்டிருக்கா: "காத்துதான் தூளைக் கொண்டு போகுதுன்னா, இந்தப் பூ யாருக்காக இப்படி மணக்குது? காத்துக்கு மூக்கு இருக்கா?" மண்டோர், பேசினது போதும் ஊதுன்னு சொல்லிட்டாரு. பாவம், அவருக்கும் மேல கிராணி, கிராணிக்கு மேல துரை, துரைக்கு மேல புத்தகம்.

லாலாங்குக்கு வாசம் இல்லே, சோளத்துக்கு இல்லே, பாக்காவுக்குச் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லே. வாசத்துக்குச் செலவு பண்ற செடி, மோப்பம் புடிக்கிற ஆளை எதிர்பார்த்துத்தான் பண்ணும். சமையல் கட்டு தெரிஞ்ச யாருக்கும் புரியுற விஷயம்.

துரைங்க பக்கத்துலயும் இப்படி ஒருத்தருக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. லெஸ்லி டேவிட்சன்னு பேரு, யூனிலீவர் கம்பெனிக்காரரு. மலாயாவுலயும் இருந்தவரு, ஆப்பிரிக்காவுல கேமரூன்லயும் இருந்தவரு. அங்க பூவுல மொய்க்கிற பூச்சிக் கூட்டத்தை இங்க காணோமேன்னு அவருக்குச் சந்தேகம். கேட்டப்பவெல்லாம் காத்துன்னே பதில் வந்திருக்கு. கடைசியில 1970-கள்ல, தானே கம்பெனியில பெரிய பதவிக்கு வந்த பிறகு, ஆர். ஏ. சையத்ங்கிற பூச்சியியல் நிபுணரை இதைப் பார்க்க வெச்சாரு. நல்ல யோசனை. மேல கேட்டுப் பதில் வராதவன், தானே மேல போய் உட்கார்ந்து கேள்வியைப் பைசல் பண்ணிக்கணும். நீயும் குறிச்சு வெச்சுக்க.

சையத் கேமரூனுக்குப் போய்ப் பார்த்தா, செம்பனையோட பழைய தரகர் அங்க சௌக்கியமா இருக்கான். எள்ளுப் பருமன்ல கறுப்பும் பழுப்புமா ஒரு கூன்வண்டு. நீட்டு மூக்கு வெச்சவன். எலேயிடோபியஸ் கேமரூனிக்கஸ்னு பேரு, உச்சரிக்கிறதுக்குள்ள ஒரு மரத்துக்கு மகரந்தம் ஏத்திடுவான். ஆண் குலைதான் அவனுக்குச் சோறு, வீடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம். பூத்து ஓஞ்ச ஆண் பூவுலதான் முட்டை வைப்பான், புழு அதையே தின்னு வளரும், ரெண்டு மூணு வாரத்துல அடுத்த தலைமுறை தயார். பெண் பூவுல அவனுக்கு ஒண்ணுமே கிடையாது. ஆனா அதுவும் அதே சோம்பு வாசத்தை விடும். விருந்துன்னு நினைச்சு மேலெல்லாம் தூளோட ஓடி வருவான், ஏமாந்து திரும்பிப் போவான். அவன் ஏமாந்தாத்தான் உனக்கு எண்ணெய். உலகத்துல எத்தனையோ வீட்டுச் சமையல் ஒரு வண்டோட ஏமாத்தத்துல நடக்குது.

வேற பயிர்ல வாய் வைக்குமான்னு பல சோதனை பண்ணி, தனியா அடைச்சு வெச்சுப் பார்த்து, 1981 பிப்ரவரியில ஜொகூர் குளுவாங் பக்கத் தோட்டத்துல அவுத்து விட்டாங்க. இந்த நாட்டுக்கு முறையாப் பெர்மிட் வாங்கிட்டு வந்த வெளிநாட்டுத் தொழிலாளி அவன். லெவி இல்லே, ஏஜெண்டு கமிஷன் இல்லே, ஹோஸ்டல் இல்லே. கொஞ்ச காலத்துல தீபகற்பம் முழுக்கப் பரவிட்டான். குலை கனத்துச்சு, பழம் நெருங்கிப் புடிச்சுச்சு, உள்பருப்பு கூடிப் போச்சு. பவுடர் டப்பாவை எல்லாம் திரும்ப வாங்கி ஸ்டோர்ல வெச்சுட்டாங்க. தென்னமரத்துல முதல் கன்னு வெச்சதுலேர்ந்து 64 வருஷம் காத்துக்குப் பேரு கொடுத்த வேலை, எள்ளுப் பருமன் பூச்சிக்குப் போச்சு. வேலை போன பொம்பளைங்க புல்லு வெட்டவும், மருந்தடிக்கவும், உதிரிப் பழம் பொறுக்கவும் போனாங்க. குனியுறது மட்டும் மாறலே.

காத்தை முழுசாக் கழிச்சுக் கட்டவும் வேணாம், நியாயம்னு ஒண்ணு இருக்கு. செம்பனைக்கும் அது கொஞ்சம் செய்யுது. வண்டு வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல குலை புடிச்சதுக்குக் காத்தோட இலைப்பேனும் ஒரு காரணம், கண்ணுக்கு லேசுல தெரியாத அளவுப் பூச்சி. சபாவுல அதுவும் இல்லாமக் குலை ரொம்பவே சிரமப்பட்டுச்சு. இலைப்பேனுக்கு அப்பவும் நன்றி சொல்லலே, இப்பவும் சொல்லலே. பேருதான் அப்படி, யாரு கும்பிடுவாங்க?

ஆகவே சின்னத் துரையே, குலை பிஞ்சா நிக்கிறப்ப வானத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு மரத்தைப் பாரு. காட்டுல ஆண் குலை எத்தனை விரிஞ்சிருக்குன்னு எண்ணு. ஓஞ்ச ஆண் குலை அசிங்கமா இருக்குன்னு வெட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தா, வண்டோட தொட்டிலை வெட்டியிருக்கே. பைப்புழுவுக்கு மருந்தடிச்சது எப்போ, பூ விரிஞ்ச நேரத்துலயான்னு கணக்குப் புத்தகத்தைப் புரட்டு. தொடர்ந்து மழைன்னா வண்டும் வெளியே வராது, அதுக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது. துரைகிட்ட அதை அப்படியே சொல்லு. பூ விரிஞ்ச குலையை விரலால ஒரு தட்டு தட்டி, எத்தனை வண்டு சிதறி ஓடுதுன்னு பாரு. முழங்கால் பூட்ஸ் போட்டாக் குனிய முடியாதுன்னு யாரும் சட்டம் போடலே.

இன்னொரு வேலையும் இருக்கு, இது உனக்கு மட்டும் இல்லே, இதைப் படிக்கிற எல்லாருக்கும். ஃபோக்கோனியே பேரு புத்தகத்துல இருக்கு, டேவிட்சன் பேரும் சையத் பேரும் இருக்கு, வண்டுக்குக் கூட லத்தீன்ல பேரு வெச்சுட்டாங்க. பவுடர் டப்பா தூக்கின பொம்பளைங்களோட பேரு தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்துல இருந்தது, அதையும் கரையான் தின்னாச்சு. அவங்கள்ல இப்ப உயிரோட இருக்கிறவங்க பலருக்கு எழுபது தாண்டியாச்சு. பெஸ்தாரி ஜெயாவுலயோ, புக்கிட் ரோத்தான்லயோ, சபாக் பெர்ணாம்லயோ உங்க ஆயா, அத்தை, பெரியம்மா யாராவது இருந்தா, போய்ப் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க: எந்தத் தோட்டம், எந்த வருஷம், நாள் சம்பளம் எத்தனை வெள்ளி, ஒரு நாளைக்கு எத்தனை மரம். கைபேசியில பதிவு பண்ணுங்க. சீரியல் ஓடுற நேரத்துல மட்டும் போயிடாதீங்க, கதவைத் தொறக்க மாட்டாங்க.